பதினோரு மனையும் பத்து விரலும்

காணாமல் போன பெண்ணுக்கு நேற்றுக் காலை லைசென்ஸ் வந்துவிட்டது.

ஜூனி ரக்கர் கைபேசியை மேசைமேல் வைத்துத் திருப்பினாள். மாநில அரசின் இணையப் பக்கம். பெயர், டான்ஸி ரக்கர். தொழில், ரியல் எஸ்டேட் முகவர். நிலை, நடப்பில் உள்ளது. நிறுவனம், கோஃபோர்த் ஏரி வீடுகள்.

"போலீஸ்ல காட்டினீங்களா?" என்றாள் ஒடெஸ்ஸா கிராப்ட்ரீ.

"காட்டினேன் மேடம். டெபுடி டில்ஸ் சிரிச்சார். 'உங்க அக்கா சாகலம்மா, பாஸாயிட்டா. போய் கேக் வாங்கு'ன்னார். ஃபைலை மூடிட்டாங்க."

ஒடெஸ்ஸாவுக்கு ஐம்பத்தெட்டு வயது. கோர்ட் ஹவுஸ் நிலவறையில் உட்கார்ந்து இருபத்திரண்டு வருடம் பழைய பத்திரங்களைப் படித்தவள். யார் யாரை ஏமாற்றி எந்த நிலத்தை வாங்கினார்கள் என்பது மாவட்டத்தில் அவளுக்குத்தான் தெரியும். ஐந்து வருடம் முன்பு அந்த வேலையை விட்டுவிட்டுத் துப்பறிவாளர் என்று கதவில் எழுதிக்கொண்டாள்.

ஜன்னல் ஓரம் நின்று சாஸேஜ் பிஸ்கட் தின்றுகொண்டிருந்தவன் அவள் உதவியாளன் வெண்டல் ப்ரூயிட். நாற்பத்தொரு வயது. ரியல் எஸ்டேட் பரீட்சையை நான்கு முறை எழுதியவன். நான்கு முறையும் தோற்றவன்.

"உங்க அக்கா எத்தனாவது தடவையில பாஸ்?" என்றான்.

"முதல் தடவை. ஆகஸ்ட்ல."

"அப்ப எனக்கு அவங்களப் பிடிக்கல. இருந்தாலும் தேடுறேன்."

ஜூனி சிரிக்கவில்லை. பள்ளி உணவுக்கூடத்தில் வேலை செய்பவள். சீருடையைக்கூட மாற்றாமல் வந்திருந்தாள்.

"அக்டோபர் மூணாம் தேதி வீட்டை விட்டுப் போனா. சாயங்காலம் அவ போன்ல இருந்து ஒரு மெசேஜ். 'வேலை விஷயமா நாக்ஸ்வில் போறேன், தேடாதே.' அதுக்கப்புறம் ஒண்ணும் இல்ல. ஆறு வாரம் ஆச்சு மேடம்."

"இப்ப லைசென்ஸ் வந்திருக்கு. உயிரோட இருக்கான்னுதானே அர்த்தம்? நீங்க ஏன் பயப்படுறீங்க?"

"நிறுவனத்தோட பேரைப் பாருங்க."

ஒடெஸ்ஸா பார்த்தாள்.

டென்னசியில் பரீட்சை தேறினால் மட்டும் போதாது. விரல் ரேகை கொடுக்க வேண்டும். பழைய குற்றம் எதுவும் இல்லை என்று வர வேண்டும். அதன்பின் ஒரு தரகர், இவள் என் கீழ் வேலை செய்வாள் என்று கையெழுத்திட வேண்டும். லைசென்ஸ் அந்தத் தரகரின் அலுவலகச் சுவரில் தொங்கும். யார் சுவரில் தொங்குகிறது என்பதை வைத்துத்தான் ஊர் ஒரு முகவரை எடைபோடும்.

"அக்கா எட்டு வருஷமா லைமன் கோஃபோர்த்தோட ஏரிக்கரை வீடுகளைக் கழுவுறா. ஆளை நல்லாத் தெரியும். 'ரோட்டோரம் உக்காந்து தக்காளி வித்தாலும் விப்பேன், அந்த ஆள் சுவத்துல என் லைசென்ஸ் தொங்காது'ன்னா. பக்கத்து ஊர்ல ஒரு அம்மாகிட்ட பேசி வெச்சிருந்தா. அவங்க கையெழுத்துப் போட ரெடியா இருந்தாங்க."

"ஆகஸ்ட்ல பாஸ். அக்டோபர் வரைக்கும் லைசென்ஸ் ஏன் வரல?"

"ரேகை விழல மேடம். ரெண்டு தடவை எடுத்தாங்க. ரெண்டு தடவையும் தெளிவா இல்லன்னு திரும்பிடுச்சு. எட்டு வருஷம் ப்ளீச்சுல கை வெச்சா எங்க ரேகை இருக்கும்? ராத்திரி முழுக்க க்ரீம் தடவி, கையில சாக்ஸ் மாட்டிக்கிட்டுத் தூங்குவா. நான் கிண்டல் பண்ணுவேன்."

அவள் பையிலிருந்து ஒரு தடித்த புத்தகத்தை எடுத்தாள். பரீட்சைக்கான பாடநூல். ஓரங்களில் பென்சில் குறிப்புகள். அடையாளம் வைத்த பக்கத்தை ஒடெஸ்ஸா திறந்தாள். தெரிந்த குறையை மறைத்து ஒரு மனையை விற்பது குற்றம் என்றது பாடம். பக்கத்தில் பென்சிலில் ஒரே வரி.

ஹெரான் முனை. 11 மனை. லைமனுக்குத் தெரியும்.

ஒடெஸ்ஸா எழுந்து இழுப்பறையைத் திறந்தாள். பழைய ஏரி வரைபடம் ஒன்றை விரித்து, ஹெரான் முனை மேல் விரலை வைத்தாள்.

"அணை கட்டினப்பவே இந்தக் கோட்டுக்குக் கீழ இருக்கற நிலத்துல எப்ப வேணாலும் தண்ணி விட அரசுக்கு உரிமை உண்டு. அங்க வீடு கட்ட முடியாது. பதினோரு மனையும் கோட்டுக்குக் கீழதான் இருக்கு."

"யார் வாங்குறா?" என்றான் வெண்டல்.

"ஒரு போன் பண்ணு."

பத்திரப் பதிவு அலுவலகத்தில் ஒடெஸ்ஸாவின் பழைய தோழி இருந்தாள். வெண்டல் மூன்று நிமிடம் பேசினான். ஒரு நிமிடம் அவளுடைய முழங்கால் வலியைப் பற்றி. வைத்தபோது அவன் முகத்தில் கிண்டல் இல்லை.

"வெளி மாநிலத்துப் பெரியவங்க. ரிட்டயர் ஆனவங்க. பதினோரு விற்பனையும் நாளைக்கு ஒரே நாள்ல முடியுது. விக்கிற முகவர், மிஸ் டான்ஸி ரக்கர்."

ஒடெஸ்ஸா வரைபடத்தை மடித்தாள்.

"புது முகவர்," என்றாள் ஒடெஸ்ஸா. "பாஸாகி லைசென்ஸ் வாங்கின மூணாவது நாளே பதினோரு மோசடி பண்ணிட்டு ஓடிட்டா. அப்படித்தான் கோஃபோர்த் சொல்லுவார். பாவம், தானும் ஏமாந்துட்டதா."

"ஓடினவள யாரும் தேடிக் கண்டுபிடிக்கக் கூடாது," என்றான் வெண்டல்.

ஒடெஸ்ஸா அவனை ஒரு பார்வை பார்த்தாள். ஜூனிக்கு அது புரிந்துவிட்டது. அவள் புத்தகத்தை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள்.

*

குளிர்காலத்துக்காக ஏரியின் நீர்மட்டத்தை இறக்கியிருந்தார்கள். கரை நெடுகப் பழுப்புச் சேறு. படகுத் துறைகள் சேற்றில் கால் மடிந்து கிடந்தன. அணை கட்டியபோது மூழ்கிய ஒரு பழைய சாலை வெளியே வந்து, கொஞ்ச தூரம் ஓடி, மூடுபனிக்குள் மறைந்தது.

வெண்டல் ஓட்டினான்.

"எனக்கு ஒரு சந்தேகம். பரீட்சை அவ எழுதிட்டா. விண்ணப்பத்தை யார் வேணாலும் அனுப்பலாம். கையெழுத்து கோஃபோர்த்தே போட்டுக்கலாம். ரேகையை எப்படி வாங்கினாங்க?"

"அதுக்குத்தான் போறோம். ரெண்டு தடவை விழாத ரேகை மூணாவது தடவை எப்படி விழுந்தது?"

"வேற யாரோட விரலோ."

"அப்படித்தான் நானும் நினைக்கிறேன். டான்ஸி மாதிரி இருக்கற ஒருத்தி. பாத்திரமே தேய்க்காத ஒருத்தி."

"அப்ப என் ரெண்டாவது பொண்டாட்டியா இருக்கும்."

"அப்படின்னா டான்ஸி உயிரோட இருக்கணும்னு அவசியமே இல்ல, வெண்டல்."

வெண்டல் வேகத்தைக் கூட்டினான்.

ரேகை எடுப்பது பார்சல் அனுப்பும் ஒரு கடையின் பின்பக்கத்தில். அட்டைப்பெட்டிகளுக்கு நடுவே ஒரு கண்ணாடிக் கருவி, ஒரு கேமரா, ஒரு ஸ்டூல். நடத்துபவர் வெர்லின் எல்ட்ரிட்ஜ். எழுபது இருக்கும். தாதியர், ஆசிரியர், முகவர் என்று மாவட்டத்தில் லைசென்ஸ் வேண்டிய எல்லோருடைய விரலையும் அழுத்தியவர்.

ஒடெஸ்ஸா ஜூனி கொடுத்த புகைப்படத்தை நீட்டினாள்.

"டான்ஸி ரக்கர்ங்கற பேர்ல போன வாரம் ஒரு பொண்ணு வந்தாளா சார்?"

"நம்ம டான்ஸி!" வெர்லினின் முகம் மலர்ந்தது. "வந்தாளே. ஏழாம் தேதி."

"இவ மாதிரி ஒருத்தியா, இவளேவா?"

"என்னம்மா கேள்வி இது? இதே ஸ்டூல்ல மூணு தடவை உக்காந்திருக்கா. எனக்குத் தெரியாதா? இவளேதான்."

வெண்டல் ஒடெஸ்ஸாவைப் பார்த்தான். வழியெல்லாம் கட்டிக்கொண்டு வந்த கதை அட்டைப்பெட்டிகளுக்கு நடுவே சரிந்து விழுந்தது.

"ரேகை எப்படி விழுந்தது?"

"முத்து மாதிரி! பத்தும். நானே அசந்துட்டேன். போன ரெண்டு தடவை சலவைக்கல் மாதிரி இருந்த விரல். 'என்னம்மா க்ரீம் போட்டே, எங்க வீட்டுக்காரிக்கும் சொல்லு'ன்னேன்."

"என்ன சொன்னா?"

"தமாஷ் பண்ணினா. 'க்ரீம் ஒண்ணும் இல்ல மிஸ்டர் வெர்லின். அஞ்சு வாரமா ஒரு பாத்திரம் தேய்க்கல, ஒரு தரை துடைக்கல. அதான் மருந்து'ன்னா. கூட வந்த அம்மாவும் சிரிச்சாங்க."

"கூட யாரு?"

"கோஃபோர்த் ஆபீஸ் மேனேஜர், மிஸ் ஆர்வெல்லா. ரொம்ப அன்பான அம்மா. முழங்கையைப் பிடிச்சே கூட்டிட்டு வந்தாங்க, பிடிச்சே கூட்டிட்டுப் போனாங்க."

ஒடெஸ்ஸா புகைப்படத்தை மெதுவாகப் பைக்குள் வைத்தாள்.

"டான்ஸி சிரிச்சாளா சார்?"

வெர்லின் வாயைத் திறந்தார். யோசித்தார். அவர் முகத்திலிருந்த மலர்ச்சி கொஞ்சம் கொஞ்சமாக இறங்கியது.

"இல்ல," என்றார். "இப்ப நீங்க கேட்டதும்தான் தோணுது. அவ என்னையே பாத்துக்கிட்டு இருந்தா."

*

காருக்குள் ஏறியதும் வெண்டல் சாவியைத் திருகவில்லை.

"அவளேதான்னா, விருப்பப்பட்டுத்தான் வந்திருக்கா. டில்ஸ் சொன்னது சரியா?"

"எட்டு வருஷம் ஒரு நாள்கூட லீவு எடுக்காத பொண்ணு. அஞ்சு வாரம் ஒரு தட்டைக்கூடத் தொடல. ஆஸ்பத்திரியில இருந்தாளா? நாக்ஸ்வில்ல வேலை பாத்தாளா? வேலை பாத்தா கை அப்படி இருக்குமா? எந்த இடத்துல வெச்சா ஒருத்தியால ஒரு வேலையும் செய்ய முடியாது?"

வெண்டல் சாவியிலிருந்து கையை எடுத்தான்.

"பூட்டின இடத்துல."

"அவளால சொல்ல முடிஞ்சது அவ்வளவுதான். பக்கத்துல ஆர்வெல்லா. ஜூனியைச் சொல்லி மிரட்டியிருப்பாங்க. அதனால தமாஷ் மாதிரி சொன்னா. கேட்டவருக்குப் புரியல."

"ஏழாம் தேதி வரைக்கும் அவ விரல் அவங்களுக்கு வேணும்."

"நேத்துக் காலை வரைக்கும் வேணும். ரேகை திரும்பி வந்தா மறுபடி கூட்டிட்டுப் போகணும் இல்ல? நேத்து லைசென்ஸ் வந்துடுச்சு. நாளைக்குப் போட வேண்டிய கையெழுத்தையெல்லாம் கம்ப்யூட்டர்லயே போட்டுக்கலாம். அதுக்கு விரல் வேண்டாம்."

வெண்டல் சாவியைத் திருகினான்.

"எங்க போகணும்?"

"கோஃபோர்த் கடைக்கு. உள்ள வேண்டாம். ஜன்னல் போதும்."

*

முக்கிய வீதியில் கோஃபோர்த்தின் அலுவலகம். முன் ஜன்னல் முழுக்க விற்பனைக்கு உள்ள வீடுகளின் படங்கள், கீழே விலை. கண்ணாடி வழியே உள்சுவர் தெரிந்தது. சட்டமிட்ட லைசென்ஸ்கள் வரிசையாகத் தொங்கின. கடைசிச் சட்டம் புதிது. அதன் ஆணிக்குக் கீழே சுவரில் இன்னும் கொஞ்சம் சுண்ணாம்புத் தூள்.

"காலி வீட்டு சாவியெல்லாம் இவர்கிட்டதான்," என்றாள் ஒடெஸ்ஸா மெதுவாக. "முப்பது வீடு. இதுல எது?"

"விக்க வெச்ச வீட்டுல ஆளை அடைச்சு வைக்க முடியாது மிஸ் ஒடெஸ்ஸா. தினம் எவனாவது முகவர் வாங்கறவங்களக் கூட்டிட்டு வந்து நிப்பான். அலமாரிக்குள்ள தலையை விடுவான். கட்டில் அடியில பாப்பான். நானா இருந்தா..."

அவன் நிறுத்தினான். ஜன்னலுக்கு இன்னும் பக்கத்தில் போனான்.

"இதப் பாருங்க. சைடர் வளைவுத் தெரு, ரெண்டு படுக்கையறை, ஆறு லட்சம் டாலர். சரி. அதுக்குப் பக்கத்து வீடு, ஆறு லட்சத்து இருபது. சரி. அதுக்கும் அந்தப் பக்கம், கடைசி வீடு. அதே அளவு. அதே கூரை. பத்தொன்பது லட்சம்."

"தங்கக் கூரையோ?"

"நான் நாலு தடவை ஃபெயிலானவன். எனக்கே தெரியுது, இந்த விலைக்கு அதைப் பாக்கக்கூட ஒருத்தனும் வரமாட்டான்."

"அதுக்குத்தான்," என்றாள் ஒடெஸ்ஸா.

இருவரும் அந்தப் படத்தைப் பார்த்தபடி நின்றார்கள். அழகான வீடு. முன்னால் ஒரு பூந்தொட்டி. வேறு ஆட்கள் பூட்டுப் போட்டு அடைப்பார்கள். லைமன் கோஃபோர்த் விலை போட்டு அடைத்திருந்தார்.

உள்ளே ஒரு பெண் நிமிர்ந்து பார்த்தாள். வெள்ளிக் கேசம், முத்து மாலை. ஆர்வெல்லா. ஒடெஸ்ஸா வீடு பார்க்க வந்தவளைப் போலத் தலையசைத்துவிட்டு நடந்தாள்.

*

கதவை உடைத்துப் போனால் அதையே பிடித்துக்கொண்டு கோஃபோர்த் தப்பிவிடுவார். போலீஸ் உள்ளே போக உத்தரவு வேண்டும். உத்தரவு கேட்க டில்ஸ் நம்ப வேண்டும். வீட்டுக்காரரே சம்மதித்தால் உத்தரவே வேண்டாம்.

ஒடெஸ்ஸா பத்திரப் பதிவுத் தோழியிடம் இம்முறை தானே பேசினாள். வீட்டுக்காரர் கோவால்சிக். ஓய்வு பெற்ற பேருந்து ஓட்டுநர். இருப்பது ஒஹாயோவில் டொலீடோ. எண்ணைக் குறித்து வெண்டலிடம் கொடுத்தாள்.

"நீ வாங்க வந்தவன்."

"பத்தொன்பது லட்சத்துக்கா? என் சட்டையைப் பாருங்க."

"போன்ல சட்டை தெரியாது."

வெண்டல் தொண்டையைச் செருமிக்கொண்டான். ஒலிபெருக்கியில் போட்டான்.

"மிஸ்டர் கோவால்சிக்? ஏரிக்கரையில உங்க வீட்டுக்கு முன்னாடி நிக்கிறேன் சார். போர்டு இருக்கு, கதவுல சாவி வைக்கற பெட்டி இல்ல. எப்படி உள்ள பாக்கறது?"

மறுமுனையில் ஒரு நாற்காலி நகர்ந்தது.

"பாக்கவா? அடக் கடவுளே, நிஜமாவே பாக்கவா? ரெண்டு மாசமா ஒரு ஈ காக்கா வரல. விலையைக் குறைங்க குறைங்கன்னு அந்த ஆள்கிட்ட கெஞ்சறேன். 'பொறுங்க, சரியான ஆள் வருவார்'ங்கறார்."

"வந்துட்டேன் சார்."

"கராஜ் கதவுல எண் அழுத்தற பலகை இருக்கு. ஒண்ணு, ஒன்பது, ஏழு, நாலு. எங்க கல்யாண வருஷம். போங்க தம்பி, நல்லா சுத்திப் பாருங்க. கீழ் அறையையும் பாருங்க, சுவத்துக்கெல்லாம் நானே என் கையால மரப்பலகை அடிச்சது."

"கூட ரெண்டு பேரைக் கூட்டிட்டுப் போலாமா?"

"ஊரையே கூட்டிட்டுப் போங்க!"

அடுத்த அழைப்பு டெபுடி ஹார்லன் டில்ஸுக்கு.

"மறுபடியும் அந்த ரக்கர் பொண்ணா?" அவர் எதையோ மென்றுகொண்டிருந்தார். "ஒடெஸ்ஸா, அவ லைசென்ஸ் வாங்கிட்டா."

"ஹார்லன், வீட்டுக்காரர் உள்ள போங்கன்னு சொல்லிட்டார். உங்களையும் சேத்துத்தான். அங்க யாரும் இல்லன்னா ஞாயித்துக்கிழமை உங்க மாதா கோயில் விருந்துக்கு நான் சமைக்கிறேன்."

"உங்க சமையலா?"

"அதனாலதான் சொல்றேன். அவ்வளவு நிச்சயமா இருக்கேன்."

மெல்லும் சத்தம் நின்றது.

"எந்த வீடு?"

*

சைடர் வளைவின் கடைசியில் சரளைப் பாதை முடிந்தது. வீடு மூடுபனிக்குள் நின்றது. விற்பனைப் பலகை நிமிர்ந்திருந்தது. பூந்தொட்டியில் செடி காய்ந்துவிட்டது. சுற்றிலும் வேறு கார் இல்லை. பக்கத்து வீட்டார் குளிருக்கு ஃப்ளோரிடா போய்விட்டார்கள்.

வெண்டல் வீட்டின் பக்கவாட்டில் ஏரிப்பக்கம் போனான். திரும்பி வரவில்லை. ஒடெஸ்ஸா போய்ப் பார்த்தாள்.

சேற்றுக் கரைக்கு மேலே, புல்வெளி முடியும் இடத்தில் ஒரு குழி. பக்கத்தில் ஈரமண் குவியல். ஒரு சிறு குச்சியில் ஆரஞ்சுத் துணி கட்டி நட்டிருந்தது. மண் சோதனை என்று அட்டையில் எழுதியிருந்தது.

இந்த ஊரில் அப்படிக் குழி தோண்டினால் யாரும் எட்டிப் பார்க்க மாட்டார்கள். கழிவுத் தொட்டி வைக்கும் முன் மண் நீரை உறிஞ்சுகிறதா என்று பார்ப்பார்கள். முழங்கால் ஆழம், இரண்டு சாண் அகலம்.

"இந்த வீட்டுக்குக் கழிவுத் தொட்டி ஏற்கெனவே இருக்கு," என்றான் வெண்டல்.

ஒடெஸ்ஸா குழியின் நீளத்தைக் கண்ணால் அளந்தாள். ஆறடி.

மண் இன்னும் காயவில்லை. இன்று தோண்டியது.

கராஜுக்கு ஓடினார்கள். வெண்டலின் விரல் எண் பலகையில் இரண்டு முறை தவறியது. மூன்றாம் முறை கதவு முனகிக்கொண்டு மேலேறியது. உள்ளே குளிர்ந்த சிமென்ட் வாசனை. சமையலறை. சுத்தமான மேடை. தொட்டியில் ஒரே ஒரு காகிதத் தட்டு.

கீழ் அறைக்கு இறங்கும் கதவில் வெளிப்பக்கம் புதுத் தாழ்ப்பாள்.

வெண்டல் அதைத் தள்ளினான்.

கோவால்சிக் கையால் பலகை அடித்த அறை. ஜன்னலையும் பலகை போட்டுத் திருகியிருந்தார்கள். ஒரு பாய்மெத்தை, ஒரு விளக்கு. ஓரிடத்தில் மட்டும் பலகை பெயர்ந்து சிமென்ட் சுவர் தெரிந்தது. அதன் முன்னே ஒரு பெண் மண்டியிட்டிருந்தாள். இரண்டு கைகளும் சுவர்மேல். கதவு திறந்ததும் கைகளை முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டாள்.

"டான்ஸி," என்றாள் ஒடெஸ்ஸா. "ஜூனி அனுப்பினா."

அவள் நம்பவில்லை. கொஞ்ச நேரம் இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"மிஸ்டர் வெர்லின்கிட்ட நீ சொன்னது எங்ககிட்ட வந்து சேர்ந்துடுச்சும்மா. ஒரு வாரம் தாமதமா."

அப்போதுதான் டான்ஸியின் தோள் இறங்கியது. கைகளை முன்னே கொண்டுவந்தாள். பத்து விரல் நுனியும் சிவந்து, தோல் உரிந்து, கசிந்துகொண்டிருந்தன. சுவரில் அந்த இடத்தில் கறுத்த தடம்.

"என்ன பண்ணியிருக்கே?" வெண்டல் அவள் பக்கத்தில் மண்டியிட்டான்.

"ரேகை எடுத்துட்டு வந்த அன்னைக்கே புரிஞ்சுது சார். லைசென்ஸ் வர்ற வரைக்கும்தான் நான் வேணும்னு. ஒருவேளை இதுவும் திரும்பி வந்தா, மறுபடி எடுக்கக் கூட்டிட்டுப் போவாங்க. அப்ப விழக் கூடாது. விழலன்னா இன்னும் ஒரு மாசம் விட்டு வைப்பாங்க. அதான் தினம் தேய்க்கிறேன்." அவள் விரல்களைப் பார்த்தாள். "ரேகை திரும்பி வந்துடுச்சா?"

ஒடெஸ்ஸா பொய் சொல்லவில்லை.

"நேத்துக் காலையில லைசென்ஸ் வந்துடுச்சு."

டான்ஸி தலையசைத்தாள். மேலே சரளையில் சக்கரம் அரைபடும் சத்தம் கேட்டது.

"அப்ப இன்னைக்குத்தான்," என்றாள்.

*

வந்தவர் லைமன் கோஃபோர்த். கூட யாரும் இல்லை. காரின் பின்னிருக்கையில் மண் ஒட்டிய மண்வெட்டி கிடந்தது. கழுத்தில் டை. முகத்தில் வீடு விற்பவரின் சிரிப்பு. அந்தச் சிரிப்பை அவர் காரிலிருந்தே போட்டுக்கொண்டு இறங்கினார். டொலீடோ கிழவர் சந்தோஷம் தாங்காமல் அவருக்கும் போன் செய்திருக்க வேண்டும். முழு விலைக்கு ஆள் வந்துவிட்டது என்று.

வெண்டல் முன்கதவைத் திறந்து வாசலில் நின்றான்.

"நீங்கதான் பாக்க வந்தவரா?" கோஃபோர்த் கையை நீட்டினார். குரல் தேன். கண் வெண்டலின் தோளுக்கு மேலே உள்ளே போய்க்கொண்டிருந்தது. "சொல்லியிருந்தா நானே வந்து காட்டியிருப்பேனே. கீழ் அறை மட்டும் வேலை நடக்குது, போக வேண்டாம்."

"போயிட்டேன் சார்."

நீட்டிய கை அங்கேயே நின்றது.

"வீடு பிடிச்சிருக்கு," என்றான் வெண்டல். "ஆனா தெரிஞ்ச குறையை வாங்கறவன்கிட்ட மறைக்கக் கூடாது. நாலு தடவை ஃபெயிலானாலும் அந்தக் கேள்விக்கு மட்டும் எனக்கு எப்பவும் மார்க் விழும்."

கோஃபோர்த் திரும்பிக் காரைப் பார்த்தார். காருக்குப் பின்னாலேயே வந்த டில்ஸின் வண்டி பாதையை அடைத்து நின்றது. டெபுடி தொப்பியைக் கையில் வைத்துக்கொண்டு புல்வெளியின் கடைசியில், அந்தக் குழியின் அருகே நின்றிருந்தார். குழிக்குள் ஒரு முறை எட்டிப் பார்த்தார். பிறகு தொப்பியைப் போட்டுக்கொண்டு நடந்து வந்தார்.

"லைமன்," என்றார், "கையை நான் பாக்கற மாதிரி வை."

*

ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியில் டான்ஸி ஒரே ஒரு கேள்வி கேட்டாள்.

"அவர் சுவத்துல தொங்குதா?"

"தொங்குது," என்றாள் ஒடெஸ்ஸா.

"வண்டியை நிறுத்துங்க."

முக்கிய வீதியில் கோஃபோர்த் அலுவலகத்தின் முன் போலீஸின் இன்னொரு வண்டி நின்றது. ஆர்வெல்லாவை ஏற்றிக்கொண்டிருந்தார்கள். முத்து மாலை கலையவில்லை. டான்ஸியைக் கண்டதும் அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். சேதி கிடைத்து வந்த ஜூனி நடைபாதையில் பாடநூலைக் கட்டிக்கொண்டு நின்றிருந்தாள். ஓடி வந்தவளை டான்ஸி ஒரு கையால் தடுத்தாள். இதோ வந்துடறேன் என்பது போல.

ஆறு வாரம் அடைபட்டுக் கிடந்த கால். கதவு வரை மெதுவாகப் போனாள். வெண்டல் கதவைப் பிடித்துக்கொண்டான். வரிசையாகத் தொங்கிய சட்டங்களைத் தாண்டி, கடைசிச் சட்டத்தின் முன் நின்றாள். அச்சிட்ட தன் பெயரை ஒரு முறை படித்தாள். இரண்டு கைகளாலும் அதை ஆணியிலிருந்து இறக்கினாள்.

வெளிச்சத்துக்கு வந்ததும் ஒடெஸ்ஸா அதைக் கையில் வாங்கிப் பார்த்தாள். கண்ணாடியில் விரல் பட்ட பத்து இடமும் சிவப்பாக இருந்தன. ஒன்றில்கூட ரேகை இல்லை.